கன்னியாத் தண்ணீர் குடித்த பற்றரி

"கம்பியை அவிழுங்கோ அண்ணை! இப்பவே அவிழுங்கோ! இனி உங்கட கரண்ட் என்ர வீட்டுக்குள்ள வரக் கூடாது!"

"அவிழ்க்கிறன் பிள்ளை, அவிழ்க்கிறன். பிறகு இருட்டுக்குள்ள இருந்துகொண்டு 'சின்னராசா அண்ணை, சின்னராசா அண்ணை' எண்டு என்ர படலையில வந்து நிக்கப்படாது!"

"வந்து நிண்டால் நாயை அவிழ்த்து விடுங்கோ!"

"ஒரு பல்புக்குக் காசைத் தந்துபோட்டுக் களவாய் ரெண்டு பல்பு எரிக்கிற ஆக்களுக்கு இருக்கிற வாயைப் பார்!"

"அதுவும் ஒரு பல்போ? உங்கட எஞ்சின் இருமினால் அதுவும் சேர்ந்து இருமுது. நேற்று லைற் மங்கின நேரம் ஊசி என்ர விரலுக்குள்ளால போய் மற்றப் பக்கத்தால வந்தது. அந்தப் பல்புக்கு நீங்கள்தான் எனக்குக் காசு தரவேணும்!"

நான் அந்த நேரம் வேலியோரத்தில் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குக் கீரை சமைக்கிற யோசனை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஆனால் சண்டை நடக்கிற இடத்தில் வெறுங்கையோடு போய் நிற்பது மரியாதையில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையின் மின்கம்பங்கள் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு விழுந்தவை. பெரிய றோட்டுக்குக் கரண்ட் திரும்பி வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் மட்டும் திரும்ப மறந்துவிட்டது. அந்த மறதியில் பிழைத்தவர்தான் சின்னராசா அண்ணை. முந்தி தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றி இறக்கியவர். பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்ததில் லொறி ஓட்டம் நின்று, லொறி அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கி, சீற்றில் கோழி முட்டையிடத் தொடங்கிய பிறகு, ஒரு ஜெனரேற்றரை வாங்கினார். பகலில் அதில் மா அரைக்கிற மெசினை ஓட்டினார். பொழுதுபட, ஒழுங்கை முழுக்கக் கம்பி இழுத்து வீட்டுக்கொரு பல்பு கொடுத்தார். மண்ணெண்ணெய் விலை ஏறுகிற போதெல்லாம் பல்பின் விலையும் ஏறும். மண்ணெண்ணெய் விலை இறங்கினால் அந்தச் செய்தி மட்டும் எப்படியோ அவருடைய றேடியோவில் கேட்காது.

அந்த எஞ்சினின் சத்தத்தைச் சொல்லி முடியாது. பொழுதுபட்டால் பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்சாதியும் என்ன கதைக்கிறார்கள் என்று ஒரு சொல் பிடிக்க ஏலாது. ஏழு வருஷமாக இந்த ஒழுங்கையில் எத்தனை நல்ல கதை அந்தச் சத்தத்துக்குள் வீணாய்ப் போயிருக்கும்!

கம்பியை அவிழ்க்கச் சொன்ன மரியமலர், மூளைக் காய்ச்சலில் செத்துப்போன பற்றிக்கின் மனுசி. காலால் மிதிக்கிற ஒரு தையல் மெசினும் செலின் என்ற மகளும்தான் பற்றிக் விட்டுப்போனவை. பள்ளிக்கூடத்தில் சும்மா கொடுக்கிற வெள்ளைச் சீருடைத் துணியைத் தாய்மார் எல்லாரும் இவளிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். பகலில் வெட்டுவாள், செலினைக் கவனிப்பாள், சமைப்பாள். தையல் பொழுதுபட்ட பிறகுதான். சின்னராசா அண்ணையின் பல்பு மங்கும்போது குப்பி விளக்கையும் கொளுத்தி வைப்பாள். வெள்ளைச் சட்டையில் கரிப் புகை பிடித்தால் அதை மறுபடி தோய்க்க வேண்டும். பல்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் கொடுத்தது போக, தைத்த கூலியில் செலினுக்குப் பாண் வாங்கத்தான் மிஞ்சும்.

அதனால்தான் அலுமாரிக்குள், மாதா சுருபத்தின் காலடியில், ஒரு பாஸ்போட் இருந்தது. குவைத்தில் வீட்டு வேலை. ஏஜென்சிக்காரன் மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் முடிவு சொல்லச் சொல்லியிருந்தான். போனால் செலின் கன்னியர் மடத்து விடுதியில். செலினுக்கு வயது ஏழு, தாயின் சேலைத் தலைப்பைப் பிடிக்காமல் நித்திரை கொள்ளாத பிள்ளை. பாஸ்போட் விஷயம் ஒழுங்கையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று மரியமலர் நினைத்திருந்தாள். நான் சொன்ன ஆட்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது என்பது உண்மைதான்.

கம்பி அவிழ்த்த மறு கிழமை, கொழும்பில் கப்பல் கொம்பனியொன்றில் வேலை செய்கிற மரியமலரின் தமையன் பஸ்தியாம்பிள்ளை வந்து இறங்கினார். சாக்கில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்தார்.

"இது வெயிலில கரண்ட் எடுக்கிற பலகை. குவைத்துக்குப் போறதுக்கு முன்னம் இதை ஒருக்கா வைச்சுப் பார் தங்கச்சி. மண்ணெண்ணெய்க்குப் போற காசு கையில நிண்டால் நீ ஏன் போகவேணும்? தைப்பொங்கலுக்குள்ள உன்ர காலில நிண்டு காட்டு. ஏலாதெண்டால் நானே உன்னைப் பிளேனில ஏத்திவிடுறன்."

கூரையில் ஏறிப் பலகையைக் கட்டினார். வயரை இழுத்து ஒரு சின்ன ரியூப் லைற்றைக் கொழுவினார். மத்தியான வெயில். லைற் பளிச்சென்று எரிந்தது. ஒழுங்கையே வந்து பார்த்தது. பொழுது சாய, லைற்றும் சாய்ந்தது. இருட்டியபோது வீடும் இருட்டு, லைற்றும் இருட்டு.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னராசா அண்ணையின் குரல் கேட்டது.

"சோக்கான சாமான் பஸ்தியாம்பிள்ளை! பகலில வெளிச்சம் தாற லைற்! குடையும் இப்படி ஒண்டு வந்தால் சொல்லும், வெயிலுக்கும் மழைக்கும் வேண்டாம், கூரைக்குக் கீழ இருக்கேக்க பிடிக்கலாம்!"

பஸ்தியாம்பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. அவருக்கும் தெரியும், பகலில் எடுத்ததைப் பிடித்து வைக்க ஒரு பற்றரி வேண்டும். ஆனால் கொழும்பிலிருந்து பற்றரி கொண்டுவருவதென்றால் வழியில் எத்தனை ஆமிச் சென்றியில் எத்தனை விளக்கம் சொல்வது? பலகையைக் கண்ணாடி என்று சொல்லலாம். பற்றரியை என்னவென்று சொல்வது? "இஞ்சையே ஒரு இடத்தில எடு தங்கச்சி" என்றுவிட்டு அவர் லீவு முடிந்து போய்விட்டார்.

துறைமுகப் பக்கம் பழைய இரும்பு வாங்கி விற்கிற சரீப் நானாவிடம் மரியமலர் போனாள். துணைக்கு நானும் போனேன், அவள் கூப்பிடாமலே. கரைக்கு இழுத்த ஒரு பழைய லோஞ்சிலிருந்து கழற்றிய பற்றரி அவரிடம் கிடந்தது.

"கடல்ல ஓடின சாமான் தங்கச்சி, இன்னும் பலமாத்தான் இருக்கு. தண்ணியை மட்டும் கவனிச்சுக்கோங்க. இதுக்குக் கிணத்துத் தண்ணி ஆகாது, நெலத்து உப்பு உள்ளுக்குப் போனா இது சீக்காளியாகிரும். தண்ணி கொறைஞ்சா என்னட்ட வாங்க, கொதிக்கவெச்சு ஆவியில எடுத்த தண்ணி தாறேன்."

"மழைத் தண்ணி?" என்று கேட்டது நான்தான். எனக்குத் தெரியாத விஷயத்திலும் ஒரு கேள்வி கேட்காவிட்டால் சரிவராது.

"வானத்துல இருந்து நேரா கண்ணாடிப் போத்தல்ல பிடிச்சா ஊத்தலாம் ராத்தா. கூரையில பட்டது வேணாம்."

சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும்போது சந்திச் சென்றியில் மறித்தார்கள். பற்றரியைக் கண்டதும், குண்டு வைக்கிற சாமானோ என்று ஆமிக்காரப் பெடியனுக்கு முகம் மாறிவிட்டது. இவளுக்குச் சிங்களம் போதாது, அவனுக்குத் தமிழ் போதாது. மரியமலர் பார்த்தாள், சைக்கிளை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு நடு றோட்டில் நின்று, இல்லாத மெசினைக் காலால் மிதித்து, இல்லாத துணியைக் கையால் தள்ளி, பிறகு பற்றரியைக் காட்டி, மேலே கையை விரித்து 'லைற், லைற்' என்றாள். உள்ளேயிருந்து வந்த பெரியவன் ஒருவன் பார்த்துச் சிரித்துவிட்டான். பற்றரியைத் தட்டிப் பார்த்து, எங்கள் அடையாள அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, போகச் சொல்லிவிட்டான். அடுத்த கிழமை அதே வழியால் போனபோது தன்னுடைய சேட்டொன்றைக் கொடுத்து கொலர் திருப்பித் தரச் சொன்னான். மரியமலர் காசு வாங்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வெளிச்சம் வந்ததில் அந்த மனுசனுக்கும் ஒரு பங்குண்டு, சொல்லத்தானே வேண்டும்.

பிறகென்ன? பகல் முழுக்கப் பலகை வெயிலைக் குடித்துப் பற்றரிக்குக் கொடுக்கும். பொழுதுபட்டால் பற்றரி லைற்றுக்குக் கொடுக்கும். இருமாத, மங்காத, புகைக்காத வெளிச்சம். மரியமலர் மண்ணெண்ணெய்க் கானைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சட்டைகளில் கரி இல்லை, இரண்டாம் தோய்ச்சல் இல்லை. ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டுக் குசினியிலிருந்து கோழிக்கறி மணந்தது. நான் உப்பு வாங்கப் போனேன். ஓம், கோழிதான்.

இதில் அதிகம் சந்தோசப்பட்டது யாரென்றால், சின்னராசா அண்ணையின் சொந்தத் தமக்கை தங்கரத்தினம் அக்கா. தம்பியின் எஞ்சின் பொழுதுபட்டுத்தான் ஓடும். தங்கரத்தினம் அக்காவுக்கோ விடியக் கருக்கலில் கந்தசஷ்டி விரதத்துக்குச் சாமியறையில் வெளிச்சம் வேண்டும். கண் தெரியாமல் விபூதியென்று அரிசி மாவைப் பூசிக்கொண்டு வந்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். மரியமலர் தன் பற்றரியிலிருந்து ஒரு வயரை இழுத்து அக்காவின் சாமியறைக்கு ஒரு சின்ன பல்பு கொடுத்தாள். காசு கேட்கவில்லை.

"என்ர தம்பி அக்கா எண்டும் பாக்காமல் என்னட்டயும் காசு வாங்குறான். வேதக்காரப் பெட்டை முருகனுக்குச் சும்மா வெளிச்சம் குடுக்கிறாள்" என்று தங்கரத்தினம் அக்கா என்னிடம் கண்கலங்கினாள். "இதுக்கு நான் என்னத்தைச் செய்வன் குணேஸ்வரி?"

ஏதாவது செய்யவேண்டும் என்று அவள் அப்போதே நினைத்துவிட்டாள் போல. நான்தான் கவனிக்கவில்லை. ஒழுங்கையில் அந்த மாதம் வேறு இரண்டு கலியாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, வெயில் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். பலகை ஈரத்தில் சும்மா கிடந்தது. அப்படியென்றாலும் நடுவில் ஒரு வெயில் அடித்தால் பற்றரி கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். வைக்கவில்லை. லைற்றைப் போட்டால் நூல் கோர்க்கிற அளவுக்கு எரிந்துவிட்டு மங்கியது. மார்கழி பிறந்தபோது மரியமலர் வீட்டுக் கதிரைகளில் உட்கார இடமில்லை, எல்லாம் வெட்டிய வெள்ளைத் துணி. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது பிள்ளைகள் எல்லாம் புதுச்சட்டையோடு நிற்க வேண்டும். தைத்துக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

குப்பி விளக்கு மறுபடி வெளியே வந்தது. நான் போனபோது மரியமலர் ஒரு வெள்ளைச் சட்டையின் தோள்மூட்டில் பிடித்த கரியைச் சவுக்காரம் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்சிக்காரன் வந்து போனவன் அக்கா. நத்தாருக்கு முன்னம் சொல்லாட்டி இடத்தை வேற ஆளுக்குக் குடுப்பானாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"என்னத்தைச் சொல்ல? பற்றரி செத்துப்போச்சு, நான் வாறன் எண்டு சொல்லுறதோ?" அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. மெசினுக்குக் கீழே செலின் தாயின் பாதத்தில் தலை வைத்துப் படுத்திருந்தது. கால் மெசின் ஓடாத வீட்டில் அந்தப் பாதம் ஆடாமல் இருந்தது.

மறுநாள் சரீப் நானாவைக் கூட்டிவந்தோம். அவர் பற்றரியின் மூடிகளைத் திருகித் திறந்து எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்தினது?"

"நீங்கள் தந்ததுதான் நானா. வேற ஒண்டும் ஊத்தேல்ல."

"இல்ல தங்கச்சி. வாயோட வாய் முட்ட ஊத்தி, அசிட் வழிஞ்சு வெளியில போயிருக்கு. பாருங்க, மேலெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு. இது நெலத்துத் தண்ணி. ஒரு நாள் ஊத்தினதில்ல, விட்டு விட்டு ஊத்திருக்காங்க. இனிக் கழுவிப் புது அசிட் போடணும். அசிட் வாங்க அனுமதி எடுக்கிறதுக்குள்ள உங்க பள்ளிக்கூடமே தொடங்கிரும்."

ஒழுங்கைக்கு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. பற்றரி கெட்டால் யாருக்கு லாபம்? சின்னராசா அண்ணைக்கு. சனம் அவருடைய படலைக்குப் போனது. நான் முன்னுக்கு நின்றேன், எல்லாருக்கும் முன்னால் நின்றால்தான் எல்லாம் கேட்கும்.

"உம்மட பல்பு விக்கவேணுமெண்டு ஒரு தகப்பனில்லாப் பிள்ளையின்ர வாயில மண்ணைப் போட்டிட்டீரே!" என்று யாரோ கத்தினார்கள்.

சின்னராசா அண்ணைக்கு வாய் பெரிது என்பது தெரியும். அன்றைக்கு அந்த வாய் திறந்தபடியே நின்றது.

"நானோ? நான் பற்றரிக்குத் தண்ணி ஊத்தினனானோ? நான் விலை கூட்டினனான், ஓம். ஆக்களை நக்கலடிச்சனான், ஓம். ஆனா களவாய் ஒருத்தற்ற வளவுக்குள்ள கால் வைச்சனானோ? மலர், நீ சொல்லு பிள்ளை!"

மரியமலரின் கையில் அந்தக் கரி பிடித்த சட்டை. திரும்பி நடந்தாள். அவள் சண்டை பிடித்திருந்தால் அண்ணை தாங்கியிருப்பார். பேசாமல் போனதில் மனுசன் படலைக் கட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அன்று பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. எல்லாரும் கிடைத்த வெயிலுக்குள் உடுப்புக் காயப்போட்டார்கள். தங்கரத்தினம் அக்காவின் கொடியில் அவளுடைய பச்சை நூல்சேலை தொங்கியது. அடுத்த வீட்டுக் கொடியைப் பார்ப்பது பாவமென்று எந்த வேதத்திலும் இல்லை. பார்த்தேன். முன்கொய்யகப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். மசாலாவுக்குக் கடுகு தாளிக்கும்போது தெறிக்கிற மாதிரி, ஒரே பக்கத்தில் தெறித்த ஓட்டைகள். எலி இப்படிக் கடிக்காது. நெருப்பென்றால் விளிம்பு கருகும். சரீப் நானாவின் சாரத்தில் இதே மாதிரி ஓட்டைகளை அன்று காலையில்தான் கண்டிருந்தேன்.

"அக்கா, இந்தச் சீலைக்கு என்ன நடந்தது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன் குணேஸ்வரி. நல்ல சீலை. தோய்க்கத் தோய்க்கப் பொத்தல் வருது. அந்தச் சவுக்காரம் கூடாது போல."

"இந்தச் சீலையோட மலர் வீட்டுப் பின்பக்கம் போனனீங்களோ?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அதுதான் என்னை உலுக்கியது, அவளுக்கு ஒளிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

"ஓம், போனனான். அந்தப் பிள்ளை கோயிலுக்குப் போற நேரம் பாத்துப் போறனான். செய்யிற உபகாரத்தைக் காட்டிக்கொண்டு செய்யக்கூடாது. ஐப்பசியில என்ர அவரின்ர தமையன்ர அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்தடிக்குப் போனனாங்களெல்லே, ஆமியிட்ட பாஸ் எடுத்து? அண்டைக்கு ஒரு கான் தண்ணி கொண்டுவந்தனான். பற்றரிக்குக் கிணத்துத் தண்ணி கூடாதாம், கொதிச்ச தண்ணிதான் வேணுமாம் எண்டு மலர் சொன்னவள். கன்னியாக் கிணறு மாதிரிக் கொதிக்கிற தண்ணி இந்த உலகத்தில எங்க இருக்கு? மனுசர் கொதிக்க வைக்கிறதிலும் கடவுள் கொதிக்க வைச்சது திறமில்லையோ? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிறைய நிறைய ஊத்தி, விபூதியும் கொஞ்சம்…"

"விபூதியுமோ?"

"மேலதான் பூசினனான்! உள்ளுக்குப் போடேல்ல."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு பக்குவமாக, நிலத்து உப்பைப் பற்றியும் அசிட் தெறித்த ஓட்டைகளைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்கா நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். "அந்தப் பிள்ளைக்கு நான் நன்றி எல்லோ செய்தனான்… நன்றி எல்லோ…" என்று தலையில் கை வைத்தாள்.

நான் இந்தக் கதையை ஒருத்தருக்கும் போய்ச் சொல்லவில்லை. போக வேண்டி இருக்கவில்லை. அக்காவே எழும்பி, அந்தச் சேலையைக் கொடியிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியின் படலைக்குப் போய் ஒழுங்கைக்கே கேட்க ஒப்பாரி வைத்துச் சொன்னாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபடியால் இரண்டு தரம் சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று.

சின்னராசா அண்ணை எஞ்சினை நிற்பாட்டினார். அக்கா சொன்னதெல்லாம் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கோழி கத்திக்கொண்டு பறந்து வந்தது. அவர் லொறியின் பற்றரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த லொறியை ஒருத்தர் தொட விடமாட்டார், பாதை திறந்தால் மறுநாளே ஓடுவேன் என்று கிழமைக்கொரு தரம் ஸ்ராட் பண்ணிப் பார்த்து மூடி வைக்கிற மனுசன்.

மரியமலரின் வாசலில் அதை இறக்கி வைத்தார்.

"பிள்ளை, இது என்ர லொறியின்ர. நான் தரேல்ல, அக்கா ஊத்தின தண்ணி தருது. லொறி தூங்கட்டும்."

"வெயில் இல்லாமல் இதையும் என்னெண்டு நிரப்புறது அண்ணை?"

"அதுதான் நானும் வரேக்க யோசிச்சனான்."

யோசித்து நின்ற இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் எஞ்சினைப் பார்க்கப் போனேன். அண்ணை அதை ஓட்டும்போது நான் கிட்டப் போனதில்லை, நின்றிருக்கும்போது பார்ப்பதற்கு அதுதான் சமயம். பக்கத்தில், பல்புக் கம்பி கொழுவுகிற துளைகளுக்குக் கீழே, மூடி போட்ட இன்னொரு துளை. மூடியில் பற்றரிப் படம். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது.

"அண்ணை, இது என்ன?"

அவர் வந்து பார்த்தார். மரியமலரும் வந்து பார்த்தாள். அண்ணை சிலந்தியைக் குச்சியால் எடுத்து விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். வாங்கிய நாளிலிருந்து எஞ்சினோடு ஒட்டியிருந்த, பற்றரி நிரப்புகிற துளை. பல்பு விற்கிற அவசரத்தில் அவருக்கு அது கண்ணில் படவேயில்லை.

நத்தார் நெருங்கிய நேரம். பலகார மா அரைக்க வேதக்கார வீடுகளிலிருந்தெல்லாம் அரிசி ஊறப்போட்டுக் கொண்டுவருவார்கள். காலையில் எப்படியும் எஞ்சின் ஓடும். அந்த நேரம் லொறிப் பற்றரியையும் அதில் கொழுவிவிட்டார்கள். மா அரைந்து முடிய, பற்றரியும் நிரம்பியது. எஞ்சினுக்கு அந்தப் பாரம் பெரிதாய்த் தெரியவுமில்லை, கூடுதலாய்க் குடிக்கவுமில்லை. பொழுதுபட மரியமலர் வீட்டில் அந்தச் சின்ன ரியூப் லைற் பளிச்சென்று எரிந்தது. கால் மெசின் சத்தம் கேட்டது. நான் என் கதிரையில் இருந்துகொண்டு அதைக் கேட்டேன்.

சின்னராசா அண்ணை இரண்டு நாள் மண்ணெண்ணெய்க் கணக்கை விரலில் எண்ணிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மரியமலரிடம் வந்தார்.

"பிள்ளை, ஒரு விஷயம். நீ பின்னேரம் முழுக்கத் தைக்கிறாய். நான் மா அரைச்ச நேரம் நிரப்பினதுதான். இஞ்சால நான் அதே பின்னேரம் முழுக்க இந்த எஞ்சினை ஓட்டிக் கான் கானாய் மண்ணெண்ணெயை ஊத்தி ஒழுங்கைக்கு நாலு பல்பு எரிக்கிறன். நாலு பல்புக்கு ஒரு எஞ்சின் ஓடுறது, ஒரு ஆளை ஏத்த லொறியைக் கொண்டுபோன மாதிரியெல்லோ?"

"அதை நான் அண்டைக்கே சொன்னனானே அண்ணை."

"நீ எங்க சொன்னனீ? நாயை அவிழ்த்துவிடச் சொன்னனீ."

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கை மாறியது. சரீப் நானாவிடமிருந்து பழைய பற்றரிகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் சென்றியில் மரியமலர் இல்லாத மெசினை மிதித்துக் காட்டினாள். அந்தப் பெரியவனே கொஞ்ச நாளில் அவளைக் கண்டதும் தானும் காலை ஆட்டிக் காட்டத் தொடங்கினான். காலையில் மா அரைக்கிற நேரம் பற்றரிகள் நிரம்பும். வெயில் நாட்களில் மரியமலர் வீட்டுப் பலகை நிரப்பும், எஞ்சினுக்கு லீவு. வீடுகளுக்கு வெளிச்சம் முன்னையிலும் மலிவாய்க் கிடைத்தது. சின்னராசா அண்ணை விலையைக் குறைத்தார். குறைத்தார் என்பதை நான் இரண்டு பேரிடம் விசாரித்துத்தான் நம்பினேன். தங்கரத்தினம் அக்கா மழை நேரங்களில் முற்றத்தில் கண்ணாடிப் போத்தல்களை அடுக்கி வைத்து, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் நின்றாள், காகம் வாய் வைத்துவிடும் என்று. அந்தத் தண்ணீரைச் சரீப் நானா பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஊற்றுவாள். விபூதி மட்டும் நிற்கவில்லை. மேலேதானே.

எனக்குக் கிடைத்ததைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவளாகிவிடுவேன். பொழுதுபட்டால் ஒழுங்கையில் எஞ்சின் சத்தம் இல்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு, எந்த வீட்டில் எந்தச் சொல் விழுந்தாலும் என் கதிரைக்கு வந்து சேர்ந்தது. வெயிலுக்கும், பஸ்தியாம்பிள்ளைக்கும், அந்தச் சிலந்திக்கும் நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தை பிறந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு தோளிலும் கரி இல்லை. நத்தாருக்கு முன்னம் ஏஜென்சிக்காரன் முடிவு கேட்டு வந்தபோதே மரியமலர் மெசினை நிற்பாட்டாமல் பதில் சொல்லியிருந்தாள்: "வேற ஆளுக்குக் குடுங்கோ தம்பி." மெசினுக்குக் கீழே செலின் படுத்திருந்தது, பாதம் ஆடிக்கொண்டிருந்தது. நான் மறுபடி உப்பு வாங்கப் போயிருந்தேன்.

சின்னராசா அண்ணைக்கும் மரியமலருக்கும் இது கலியாணத்தில்தான் முடியும் என்று ஒழுங்கை முடிவு கட்டியிருந்தது. முடிவு கட்டியதில் என் பங்கும் உண்டு. அண்ணையே ஒரு நாள் என்னிடம் வந்து, கையைப் பிசைந்து, "குணேஸ்வரி, நீ ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றார். கேட்டேன். மரியமலர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல மனுசன் அக்கா. அவரிட்ட எனக்குக் கரண்ட் மட்டும் காணும்."

அண்ணை அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. சமாதான காலத்தில் பாதை திறந்தபோது லொறிப் பற்றரியை மரியமலரே கொண்டுபோய்க் கொடுத்தாள். லொறி முதல் உதையிலேயே ஓடியது. கந்தளாய்க்கு நெல் ஏற்றப் போன இடத்தில் ஆலைக்காரரின் தங்கையைக் கண்டு, கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தங்கரத்தினம் அக்காவை மகன் கனடாவுக்குக் கூப்பிட்டான். போகும்போது ஒரு போத்தல் மழைத் தண்ணீரையும் பெட்டிக்குள் வைத்தாள், அங்கே எப்படியோ என்று. சரீப் நானா மகளின் கலியாணத்தோடு மூதூருக்குப் போனார். பஸ்தியாம்பிள்ளை குடும்பத்தோடு கப்பலேறி ஒஸ்ரேலியா. செலின் வளர்ந்து, நேர்ஸ் வேலை எடுத்து, மட்டக்களப்பில் ஒரு வாத்தியாரைக் கட்டியிருக்கிறாள். மின்கம்பங்களும் வந்து எங்கள் ஒழுங்கையில் ஏறிவிட்டன.

போக வேண்டியிருந்தவள் மட்டும் போகவில்லை. மரியமலர் அதே வீட்டில், அதே மெசினில். பாஸ்போட் மாதாவின் காலடியில் காலாவதியாகிக் கிடக்கிறது, நான் பார்த்தேன்.